982 பக்கங்களை எங்களிடம் கொடுங்கள்

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, இப்ப எத்தன வருசம்ங்கிறாக?" மாட்டுத்தாவணியில் அன்றைய தக்காளி விலையைக் கேட்பதுபோல இருந்தது. "ரெண்டாயிரத்து அறுநூறு" என்றேன். "போன தடவ வந்த பய பத்தாயிரம்னானே" என்றார். அவர் முகம் வாடிவிட்டது. ஏலத்தில் குறைத்துக் கேட்டுவிட்டவன்போல எனக்கே கூச்சமாகிவிட்டது.

அந்தக் கூச்சம் எனக்கு ஏன் வர வேண்டும் என்பதுதான் பஸ்ஸில் மதுரை திரும்பும்வரை மண்டையைக் குடைந்தது. அதற்குப் போவதற்கு முன் டெல்லி மீதான கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அமர்நாத் ராமகிருஷ்ணாவின் குழு வைகைக் கரை நெடுக நடந்து 293 இடங்களைக் குறித்து வைத்தது. அதில் ஒன்றான கீழடித் தென்னந்தோப்பில் 2014-ல் இந்தியத் தொல்லியல் துறை வேலையைத் தொடங்கியது. செங்கல் சுவர்கள் வந்தன, உறைகிணறுகள் வந்தன. 2017-ல் அவரைக் கவுகாத்திக்கு மாற்றினார்கள். அவர் தன் இரண்டு கட்ட அகழாய்வுக்கான அறிக்கையை, 982 பக்கம், 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்திக் கொடுங்கள் என்று கடிதம் வந்தது. கி.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரை என்று அவர் குறித்த முதல் காலகட்டத்துக்கு நியாயம் இல்லையாம், அதிகபட்சம் கி.மு. 300-க்குச் சற்று முன்னால் வைக்கலாமாம். அவர் மறுத்தார். ஜூனில் மறுபடியும் இடமாற்றம்.

நிபுணர்கள் படித்துத் திருத்தம் சொல்வது வழக்கமான நடைமுறை என்கிறது துறை. சரிங்க, இருக்கட்டும். அந்த வழக்கமான நடைமுறைக்கு இரண்டு வருஷம் நாலு மாசமா? ஆதிச்சநல்லூரில் 2004-ல் தோண்டியதற்கான அறிக்கைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்குப் போனது. அந்த வழக்கமும் எங்களுக்குத் தெரியும்.

காலக்கணிப்பில் குறை இருக்கலாம். அதை அறிக்கை அச்சான பிறகு, பெயர் போட்டு, காரணம் காட்டி எழுதட்டும். தோண்டியவனிடமே காலத்தை மாற்றி எழுதச் சொன்னால் அது மறுப்பு ஆகாது, கட்டளை. இன்றைக்கு அந்த 982 பக்கத்தைப் படித்தவர்கள் ஓர் அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கிறார்கள். நாம் எல்லோரும் படிக்காத புத்தகத்துக்காகக் கட்சி கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இப்போது அந்தக் கூச்சம். 2018-ல் தோண்டியதை மாநிலத் தொல்லியல் துறை 2019-லேயே நூலாகப் போட்டது. நல்ல காரியம். ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போனதும், அதில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குக் கி.மு. 580 என்று வந்ததும் அதனால்தான் நமக்குத் தெரியும். நம் ரெண்டாயிரத்து அறுநூறு அந்த ஒரு துண்டிலிருந்து வந்தது. அதன் வயதை அந்த மட்டத்தில் கிடைக்கும் எழுத்துப் பொறித்த ஓட்டுக்கும் அப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு வாட்ஸப் குழுவில் கேட்டேன். பத்து நிமிஷத்தில் கைக்கூலி ஆகிவிட்டேன். (கூலி இன்னும் வரவில்லை.) ஆதன், குவிரன் என்று பானையில் பெயர் கீறியவர்கள் யார், என்ன சமைத்தார்கள், யாரிடம் வாங்கினார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கரித்துண்டு போன அமெரிக்காவிலேயே இந்தச் சண்டை ஒன்று பல பத்தாண்டுகள் நடந்தது. நியூ மெக்சிகோவில் க்ளோவிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த ஈட்டி முனைகள் சுமார் 13,000 ஆண்டு பழையவை. அவர்கள்தான் அந்தக் கண்டத்தின் முதல் மனிதர்கள் என்பது அசைக்க முடியாத பாடமாகிவிட்டது. க்ளோவிஸ் மண்ணடுக்குக்குக் கீழே ஒன்றும் இருக்காது என்று நம்பியவர் ஏன் கீழே தோண்டப் போகிறார்? சிலியின் தென்பகுதியில் மோன்டே வெர்டே என்ற இடத்தில் 1977 முதல் தோண்டிய டாம் டிலஹே, மரக்கூடார முளைகளும் முடிச்சுப் போட்ட கயிறும் காட்டி 14,500 ஆண்டு என்றார். நம்ப ஆள் இல்லை.

அவர் செய்தது இரண்டு காரியம். 1989-லும் 1997-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக எல்லாவற்றையும் அச்சில் போட்டார். அதே 1997-ல் சந்தேகக்காரர்களையே குழிக்கு அழைத்துக்கொண்டு போனார். போனவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் வான்ஸ் ஹேன்ஸ் பிறகு மறுபடியும் சந்தேகப்பட்டார். ஸ்டூவர்ட் ஃபீடல் 1999-ல் அந்தத் தொகுதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு வரைபடத்துக்கும் பட்டியலுக்கும் பொருந்தாத இடங்களை வரிசையாக எழுதினார். கையில் தொகுதி இருந்ததால் எழுத முடிந்தது. எனக்குப் பொறாமையாக இருப்பது அந்தச் சண்டையின் முடிவைப் பற்றி அல்ல, அப்படி ஒரு சண்டை போட முடிந்ததைப் பற்றி.

2021-ல் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது சொன்னார்கள். நீர்த்தாவர விதையை வைத்துக் கணித்திருக்கிறீர்கள், அது தண்ணீரிலுள்ள பழைய கார்பனை உறிஞ்சி வயதைக் கூட்டிக் காட்டும் என்று மற்றவர்கள் மடக்கினார்கள். யாரும் யாரையும் துரோகி என்று சொல்லித் தப்பிக்கவில்லை. 2023-ல் அதே குழு ஊசியிலை மரங்களின் மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணலையும் வைத்துத் திரும்பக் கணித்துக் கொண்டுவந்தது. எண் கிட்டத்தட்ட அதேதான் வந்தது.

நாம் என்ன செய்கிறோம்? டெல்லி 300 என்கிறது, நாம் 800 என்கிறோம், வாட்ஸப் பத்தாயிரம் என்கிறது. மூன்று பேருமே புத்தகத்தைத் திறக்கவில்லை. எண்ணைக் குறைத்தால் தமிழன் சிறுத்துவிடுவான் என்ற பயம் நமக்கு. கூடினால் வேறு யாரோ சிறுத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. இந்த இரண்டு பயத்தையும் நான் சமமாக வைக்கவில்லை: இடமாற்ற உத்தரவு போடும் அதிகாரம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பயம் நம் வாயைக் கட்டுகிறது. கீழடியில் சுமார் நூற்றுப் பத்து ஏக்கர் மேடு. தோண்டியது அதில் கொஞ்சம். அதற்குள் அங்கே சாமியே கிடையாது, சாதியே கிடையாது என்று மேடையில் முடித்துவிட்டோம். மிச்ச ஏக்கரைத் தோண்டுகிறவன் ஒரு சின்ன உருவத்தை எடுத்துவிட்டால் அவனை என்ன செய்வோம்?

அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். சிலைமான் தாண்டும்வரை ரோட்டோரக் காட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த ப்ளாட் கற்கள். 293 இடங்களில் கைவைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதில் எதன்மேல் இந்தக் கற்கள் நிற்கின்றன என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

தொல்லியல் துறைக்குச் சொல்ல ஒன்றுதான். அந்த 982 பக்கத்தை ஒரு வரி மாற்றாமல் இணையத்தில் போடுங்கள். உங்கள் மறுப்பையும் பக்கத்திலேயே போடுங்கள், எத்தனை பக்கம் வேண்டுமானாலும். கி.மு. 300 என்று நிரூபித்தால் அடுத்த முறை அந்த டீக்கடைக்குப் போய்ப் பெரியவரிடம் நானே சொல்கிறேன். அவர் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.