மனு போட்டவன் எந்தத் தெரு?

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு ஒன்று கொடுத்தேன். வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. ஊர்த்தெருக்காரர்கள் இரண்டு பேர். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஓட்டி வந்தவர் என் அப்பாவைவிட இருபது வயது இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"உன் பையன் தாலுக்கா ஆபீசுல என்னமோ எழுதிக் குடுத்திருக்கானாமே, இன்னா விஷயம்?"

"சின்னப் பையன், தெரியாம குடுத்துட்டான் ஐயா" என்றார் அப்பா.

அப்போது எனக்கு 27 வயது. முதுகலை முடித்திருந்தேன்.

அலுவலகத்திலிருந்து எனக்குப் பதில் வந்தது 41ஆம் நாள். சட்டம் சொல்வது 30 நாள். ஆனால் நான் மனு போட்ட தகவல் ஊர்த்தெருவுக்குப் போய்ச் சேர மூன்று நாள்தான் ஆனது. எங்கள் தாலுக்காவில் தகவல் அறியும் உரிமை யாருக்கு வேகமாக வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்டது ராணுவ ரகசியம் இல்லை. ஒரு சர்வே எண்ணுக்கு உரிய பழைய 'அ' பதிவேட்டின் நகல், அவ்வளவுதான். எங்கள் ஆயா சாகும்வரை அந்த நிலத்தை 'டி.சி. நெலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அதில் வேறொருவர் சவுக்கு போட்டிருக்கிறார். ஆயா சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

'டி.சி.' என்றால் என்ன என்று தெரியாத இளைய தோழர்களுக்காகச் சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படை செய்யும் அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்க முடியாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். அதுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பதை, நிலத்தில் நின்று அறிய முடியாது. பதிவேட்டைப் புரட்டித்தான் அறிய முடியும்.

அந்தப் பதிவேடு யார் கையில் இருந்தது? கர்ணம் கையில், கணக்குப்பிள்ளை கையில். அந்த வேலை அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். சாதியோடு சேர்ந்தே போகும். ஊரில் எந்த வயல் யாருடையது, எது புறம்போக்கு, எது சுடுகாட்டுப் பாதை என்பதெல்லாம் ஒரு குடும்பத்தின் மரப்பெட்டிக்குள் இருந்தது. எங்கள் தாத்தாக்களுக்கு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார அனுமதி இல்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருப்பார்களா? தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டது 1980 நவம்பரில்தான். அதற்குப் பிறகே கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சுதந்திரம் வந்து 33 ஆண்டுகள் வரை ஊரின் நிலக்கணக்கு பிறப்பால் வந்த சொத்தாகவே இருந்திருக்கிறது.

1979இல் தொடங்கி எண்பதுகளில் யு.டி.ஆர். என்கிற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பட்டாவை அனுபவத்தில் இருப்பவர் பெயருக்குப் புதுப்பிக்கிற வேலை அது. அனுபவத்தில் இருந்தது யார்? கடனுக்கு எழுதி வாங்கியவர், மிரட்டிப் பிடுங்கியவர், வரப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டவர். பஞ்சமி நில மீட்பில் வேலை செய்கிற எந்தத் தோழரைக் கேட்டாலும், பல ஊர்களில் காகிதத்தில் பெயர் மாறியது இந்தக் கட்டத்தில்தான் என்பார்.

"எல்லாம் ஆன்லைனில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். உண்மைதான். இன்றைய பட்டாவும் இன்றைய 'அ' பதிவேடும் அரசு இணையதளத்தில் இருக்கின்றன. ஆனால் நமக்கு வேண்டியது யு.டி.ஆருக்கு முந்தைய காகிதம். பறித்த பிறகு எழுதிய கணக்கை மட்டும் காட்டிவிட்டு, இதுதான் வெளிப்படைத்தன்மை என்றால் எப்படி ஏற்பது?

என் முதல் மனு பிழையான மனு. "எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு? அதை ஏன் மீட்கவில்லை?" என்று ஆவேசமாகக் கேட்டிருந்தேன். 'தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். இந்தச் சட்டம் கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் பெற்றுத்தரும். 'ஏன்' என்ற கேள்விக்கு அது அதிகாரியின் வாயைத் திறக்க வைக்காது. அந்தக் கேள்வியை நாம் தெருவில்தான் கேட்க வேண்டும். மனுவில் பதிவேட்டின் பெயரைச் சொல்ல வேண்டும்: யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, அடங்கல், புலப்படம், ஒப்படைக் கோப்பு. ஊர், சர்வே எண், ஆண்டு மூன்றையும் போட வேண்டும். பழைய சர்வே எண் தெரியாவிட்டால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேட்டை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது மனுவுக்கு 'கோப்பு கிடைக்கப்பெறவில்லை' என்றார்கள். கோப்பு காணவில்லை என்பது தகவல் மறுப்பதற்கு இந்தச் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றே அல்ல. தேட வேண்டும், தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று 2013இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் நினைத்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம். பெரும்பாலும் நினைப்பதில்லை என்பது வேறு கதை. ஆனாலும் அந்தப் பயம் கொஞ்சம் வேலை செய்கிறது. மேல்முறையீட்டுக்குப் பிறகு, 'நேரில் வந்து பார்வையிடலாம்' என்று கடிதம் வந்தது.

போனேன். எழுத்தர் ஒரு பழைய பதிவேட்டை மேசையில் போட்டார். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. அந்த எண்ணுக்கு நேரே, குறிப்புப் பத்தியில், இரண்டே எழுத்து. டி.சி. ஆயா பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவியின் நாக்கு, அரசாங்கத்தின் பதிவேட்டைவிட நன்றாகக் கணக்கு வைத்திருந்தது.

அந்த நகலுக்காக நான் செலவழித்தது பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பும், பக்கத்துக்கு இரண்டு ரூபாயும், பதினான்கு மாதங்களும். நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. சவுக்கு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

"மனு போட்டு என்ன கிழித்தீர்கள்?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. மனு அரசியல் போராட்டக் குணத்தை மழுங்கடிக்கும் என்கிறார்கள். நான் அவர்களுக்கு இரண்டு இடங்களை நினைவூட்டுவேன். ஒன்று, மகாத். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, பொதுக்குளங்களை அனைவருக்கும் திறந்துவிட 1923இல் பம்பாய் சட்டமன்றமும், பிறகு மகாத் நகராட்சியும் தீர்மானம் போட்டிருந்தன. அண்ணல் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் குளத்துக்கு நடந்தார். சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களுடைய 'தொன்றுதொட்ட வழக்கம்' என்ற வாதத்தைத் தள்ளும்வரை அண்ணல் பத்தாண்டுகள் அந்த வழக்கை விடவில்லை. இன்னொன்று, காரணை. பஞ்சமி நில மீட்புக்காக மக்கள் திரண்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்த மக்கள் காகிதத்தையும் விடவில்லை, தெருவையும் விடவில்லை.

இந்தச் சட்டமே தெருவிலிருந்து வந்ததுதான். ராஜஸ்தானில் கூலி கிடைக்காத தொழிலாளர்கள், "வருகைப் பதிவேட்டைக் காட்டு" என்று கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005 சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது புல்லட் வண்டிக்குத் திரும்பி வருகிறேன். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

இந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு, தகவல் கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது. தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு எந்தச் சொந்த விவரமும் கேட்கக் கூடாது. அருமையான பிரிவு. ஆனால் சட்டம் 'குடிமகன்' என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது. அவருக்குச் சாதி இல்லை, தெரு இல்லை, கூலி கொடுக்கிற முதலாளி இல்லை. எங்கள் ஊரில் காரணம் கேட்கவே தேவையில்லை. முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் போதும். தொடர்புகொள்ளத் தேவையான அந்த விவரம்தான் மிரட்டவும் தேவையான விவரம். என் அப்பா அன்று சொன்ன பதிலுக்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போக வேண்டிய வயல் அவர்களுடையது.

2013இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம், மனுதாரர் தபால் பெட்டி எண்ணை மட்டும் கொடுத்தாலும் போதும் என்றது. கிராமத்தில் தபால் பெட்டிக்கு எங்கே போவது? ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு வழியைக் காட்டுகிறது. முகவரி நிலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்தியக் குடிமகன் யாரும், எந்த ஊரின் பதிவேட்டையும் கேட்கலாம். வேளச்சேரியில் பேயிங் கெஸ்ட்டாக இருக்கிற பெண் கேட்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கிற பையன் கேட்கலாம். அவர்கள் வாசலில் புல்லட் வந்து நிற்காது.

ஆகவே இதைப் படிக்கிற, நகரத்தில் இருக்கிற தோழர்களிடம் கேட்கிறேன்: உங்கள் முகவரியைக் கொடுங்கள். ஏப்ரல் 14க்கு நீலச்சட்டை போடுகிற, முகப்புப் படம் மாற்றுகிற எல்லோராலும் வருடத்துக்கு ஒரு மனு போட முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. எந்த ஊர், எந்த எண், எப்போது கேட்பது என்பதை அந்தச் சேரி மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சாகசம் செய்துவிட்டுப் போய்விடுவீர்கள், மறுநாள் வரப்பில் நடப்பது அவர்கள். பதில் வந்தால் உங்கள் பக்கத்தில் பதிவு போடுவதற்கு முன்னால், நகலை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைக் கிராமசபையில் வாசிப்பதா, ஆட்சியரிடம் கொண்டுபோவதா, பெட்டியில் வைத்துக் காத்திருப்பதா என்பது அவர்களுடைய முடிவு.

அவசரப்படவும் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி எழுதியது. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இனி எளிது. நம் நிலத்தைப் பறித்தவரின் பெயரும் 'தனிநபர் தகவல்' ஆகிவிடலாம். பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலேயே அதை எழுதுங்கள்.

எங்கள் ஊரில் அடுத்த மனு தனியாகப் போகவில்லை. சுடுகாட்டுப் பாதையின் புலப்படம் கேட்டு, ஒரே கேள்வியை ஒரே நாளில் பதினொரு வீட்டிலிருந்து பதினொரு மனுவாக அனுப்பினோம். யார் வாசலில் போய் வண்டியை நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் வரவும் இல்லை.

அதில் ஒரு மனு என் அப்பாவுடையது. நான் கேட்கவில்லை, அவரே வந்து உட்கார்ந்தார். முகவரி எழுதும் இடத்தில், வெறும் தெருப்பெயர் போதுமா என்று கேட்டேன்.

"காலனின்னே போடு" என்றார்.