தெளிந்த வானத்தின் கீழ் ஒழுகும் கூரை

காஷ்மீரப் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தில் ஒரு விந்தையைக் காணலாம். முதல் நாள் மழை இல்லை. புதிதாக வெண்பனியும் பெய்யவில்லை. இரவு முழுவதும் வானம் தெளிந்திருந்தது. ஆயினும், காலை வெயில் ஏறியவுடன், தகரக் கூரைக்கு அடியிலுள்ள மச்சில் சொட்டுச் சொட்டாக நீர் விழத் தொடங்கும். வீட்டார் தகர வேலைக்காரரை அழைப்பர். ஆணித் துளைகளுக்குத் தார் பூசப்படும். சில வேளை தகடுகளே மாற்றப்படும். செலவெல்லாம் முடிந்து, அடுத்த தெளிந்த இரவு கழிந்ததும், நீர் மீண்டும் சொட்டும்.

இது வேலைக்காரரின் திறமைக் குறைவால் நேர்வதன்று என்பது என் கருத்து. மச்சில் ஈரம் என்று கேட்ட மாத்திரத்தில் அறிக்கையில் "ஒழுக்கு" என்று எழுதிவிடுகிறோம். அச்சொல்லிலேயே காரணமும் அடங்கிவிடுகிறது. நீர் வெளியிலிருந்து வந்தது, கூரையில் துளை உண்டு என்று தீர்ப்பும் வழங்கியாயிற்று. சொற்களைக் கொண்டு பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில் நான் வேண்டுவது இதுதான்: காரணம் தெரியும் வரையில் "ஈரம்" என்று மட்டும் எழுதுங்கள்.

துளை இல்லையெனில் நீர் எங்கிருந்து வருகிறது? 20 டிகிரி செண்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். கணப்பு மூட்டிய அறையின் காற்று இலேசானதாகையால் மேலெழுந்து, மச்சுக் கதவின் இடுக்கு, மின்கம்பி செல்லும் துளை, பலகைச் சந்து ஆகியவற்றின் வழியே கூரைக்கடியில் புகுகிறது. தெளிந்த இரவில் தகரம் வானை நோக்கி வெப்பத்தை வீசி, வெளிக்காற்றைக் காட்டிலும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஆவி அதன் அடிப்புறத்தில் உறைபனியாகப் படிந்து, வெயில் பட்டதும் உருகிச் சொட்டுகிறது. குளிர்நீர் நிரம்பிய செம்பு வெளிப்புறம் வியர்ப்பதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டுவதுண்டு. இதுவும் அதே நிகழ்ச்சிதான். செம்பு ஒழுகுகிறது என்று எந்த மாணவனும் சொல்வதில்லை.

முற்காலத்தில் அங்கே பூர்ஜ மரப்பட்டையை அடுக்கி, அதன்மேல் மண் பரப்பிய கூரைகள் வழங்கின. தடித்த மண் தகரத்தைப்போல ஓரிரவில் குளிர்ந்துவிடாது. மச்சின் முக்கோணச் சுவர்ப்பக்கங்களும் காற்றோட்டத்துக்காகத் திறந்திருக்கும். பிறகு நெளிதகடு பரவியது. மச்சை அறையாக்கும் ஆசையாலும் புறாக்களின் தொல்லையாலும் திறப்புகள் அடைபடலாயின. இன்னொரு மாறுதலை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. புகாரி எனப்படும் கணப்படுப்புக்குப் புகைக்குழாய் உண்டு. விறகு எரிவதால் உண்டாகும் ஆவி அதன் வழியே வெளியேறும். குழாயற்ற எரிவாயுக் கணப்பிலோ, அவ்வளவும் அறையிலேயே தங்கும். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் உண்டாகிறது. 14.2 கிலோ உருளை ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் நீர் ஆவியாக வீட்டுக்குள் கலந்திருக்கும். கூரையில் துளை தேடுவோர் இந்த உருளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை!

ஒழுக்கே கிடையாது என்று நான் வாதிக்கவில்லை. புகைக்குழாய் கூரையைத் துளைத்துச் செல்லும் இடம் எப்போதும் ஐயத்துக்குரியது. மழை நாளில் அங்கே மட்டும் கறை படருமாயின், பெரும்பாலும் அது ஒழுக்கேயாகும். மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. கீழிருந்து வரும் வெப்பத்தால் கூரைமேலுள்ள வெண்பனி உருகி, குளிர்ந்த இறவாரத்தில் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கும். அதன் பின்னே தேங்கும் நீர் தகடுகளின் இணைப்பு வழியே உட்புகும். இக்கறை இறவாரத்தை ஒட்டியே காணப்படும். வியர்ப்பு அவ்வாறன்றிப் பரந்து கிடக்கும். பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகள் பலவும் ஒருசேரத் துருவேறியிருக்கும். வீட்டாரின் வாய்மொழியைவிட அந்த ஆணி முனைகளையே நான் நம்புவேன்.

கறையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுத் தேதி எழுதுக. மழை, வெண்பனி, தெளிந்த இரவு, நீர் கண்ட நேரம் இவற்றைப் பதினைந்து நாள் குறித்து வருக. இந்த வேலையை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். பதினைந்து நாள் பொறுப்பது மெத்தனம் என்று மேலதிகாரிகள் கருதக்கூடும். ஆனால், தவறான பழுதுபார்ப்பு ஒரு குளிர்காலத்தையே விழுங்கிவிடும். மரத்தின் ஈரம் நெடுநாள் 20 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால், குளிர் தணிந்ததும் மக்கச் செய்யும் பூஞ்சைக்கு இடமுண்டாகும். அடுத்த ஆண்டு பனிச்சுமையைத் தாங்கவேண்டியவை அந்தக் கைமரங்களே.

வியர்ப்பு என்று தெளிந்ததும், "மச்சுக்குச் சாளரம் வை" என்று கூறுவோர் பலர். நான் அதற்கு உடனே இசையேன். உட்கூரையின் சந்துகள் அப்படியே இருக்க, மேலே மட்டும் திறப்பு வைத்தால், அது அறைக்காற்றை இன்னும் மிகுதியாக மேலே இழுக்கக்கூடும். சமையலறை ஆவியை மச்சுக்குள் விடாமல் வீட்டுக்கு வெளியே விடுவதும், உட்கூரைச் சந்துகளை அடைப்பதும் முதல் வேலை. அதன் பிறகே முக்கோணச் சுவர்களில் எதிரெதிராகத் திறப்பு வைக்கவேண்டும். புறாக்களுக்குக் கம்பிவலை போதும். ஒன்றை மட்டும் வீட்டாரிடம் அழுத்திச் சொல்லவேண்டும்: அடைக்கவேண்டியது உட்கூரையை மட்டுமே. குழாயற்ற கணப்பு எரியும் அறையின் சாளரத்தை முற்றிலும் அடைத்தால், கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து உறங்குவோரின் உயிரையே போக்கிவிடும்.