புத்தளத்தில் நின்று யாழ்ப்பாணத்து மழையைப் பார்க்க முடியாது

புத்தளத்தில் ஒன்றும் பொத்துவிலில் ஒன்றுமாக, மழையையும் காற்றையும் பார்க்கும் இரண்டு டொப்ளர் ராடார்கள் அமைப்பதென்று 2017 இல் ஜப்பானுடன் உடன்பாடு செய்யப்பட்டது. ஆண்டுகள் இழுபட்டன, செலவு கூடியது, கடைசியில் பொத்துவில் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் புத்தளம் மட்டும் கையிலெடுக்கப்பட்டது. பணம் போதவில்லை என்றால் அதை விளங்கிக்கொள்ளலாம். ஒற்றை ராடார் எழும்பினால் போதும், முழு நாட்டின் வானமும் கண்ணுக்குள் வந்துவிடும் என்று அதற்குப் பின்னர் தரப்படும் ஆறுதலைத்தான் ஏற்க முடியாமலிருக்கிறது. இரண்டாக இருந்த திட்டத்திலேயே வடக்கின் பெயர் இல்லை. அது ஒன்றாகக் குறைந்தபோதும் வடக்குக்கு என்ன மிஞ்சும் என்று எவரும் கேட்கவில்லை. இன்னொரு மாரியை எதிர்நோக்கி நிற்கும் யாழ்ப்பாணக் குடாநாடு அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்டாக வேண்டும்.

ராடாரின் எல்லை பல நூறு கிலோமீற்றர் என்று கடதாசியில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் எல்லைக்குள் இருப்பதும் தெளிவாகத் தெரிவதும் ஒன்றல்ல. ராடார் அனுப்பும் கதிர் ஏறத்தாழ நேராகப் போகிறது. பூமி வளைந்து கீழே இறங்குகிறது. ஆகவே தூரம் கூடக்கூடக் கதிர் நிலத்தை விட்டு மேலே மேலே போய்விடும். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாண நகர் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வழமையாக வைக்கப்படும் அரைப் பாகைச் சாய்வில் புறப்படும் கதிர் இங்கே வந்து சேரும்போது நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும். வாடைக்காற்றோடு கடலிலிருந்து தாழ வந்து பொழியும் மாரி முகில்களில் பெரும் பங்கு அதற்குக் கீழேதான் நிற்கிறது. தாழமுக்கம் கரையை நெருங்கும்போது அதன் அடிக்காற்று எப்படிச் சுழல்கிறது என்பதும் அந்த உயரத்துக்குக் கீழேதான் தெரியும். மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் நிலைமை இன்னும் மோசம். தூரமும் கூட, பொத்துவிலுக்கு நடுவில் மலைநாடும் நிற்கிறது. வங்காள விரிகுடாவில் பிறந்து இந்த நாட்டுக்கு வரும் எந்தப் புயலும் முதலில் தொடுவது கிழக்கையும் வடக்கையும்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் உலுக்கிப் போனது. 1978 இல் மட்டக்களப்பு, 2000 இல் திருகோணமலை, 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2025 நவம்பரில் டித்வா என்று வந்தவை எல்லாம் கிழக்குக் கடலின் பிள்ளைகள். அந்தக் கடலைப் பார்க்க வேண்டிய கண்ணை மேற்குக் கரையில் மட்டும் வைப்பதென்று முடிவெடுத்தால், அதற்கான அறிவியல் காரணத்தை மக்கள் முன் வைக்க வேண்டும். வைக்கப்படவில்லை.

இங்கே மாரி என்பது குளிர்காலம் மட்டுமல்ல. குடாநாட்டின் ஓராண்டு வாழ்வு அந்த மூன்று மாதங்களில் தீர்மானமாகிறது. ஆண்டு மழையின் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பெய்துவிடும். இங்கே நிரந்தர ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடுவது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரைத்தான் கோடை முழுவதும் கிணறுகளில் அள்ளுகிறோம். தென்மராட்சியிலும் வலிகாமம் மேற்கிலும் மானாவாரி நெல்லை எப்போது விதைப்பது, செம்மண் தோட்டத்தில் சின்ன வெங்காயத்தை எப்போது வைப்பது, தொண்டைமானாறு, அரியாலை தடுப்பணைகளின் கதவுகளை எந்த நாளில் திறப்பது, எல்லாம் அடுத்த சில நாள்களின் மழையைப் பற்றிய ஒரு கணிப்பில் தங்கியிருக்கின்றன. கதவை முந்தித் திறந்தால் ஓராண்டுக்கான நன்னீர் கடலுக்குப் போகும். பிந்தித் திறந்தால் வயலும் வீடும் வெள்ளத்தில் நிற்கும். பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் குருநகரிலும் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஓடுமா என்று காத்து நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

இவ்வளவும் தங்கியிருக்கும் கணிப்பு எங்களுக்கு எந்த வடிவில் வந்து சேர்கிறது? வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களில் அவ்வப்போது மழை பெய்யும், சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது என்ற அளவில், மூன்று மாகாணங்களுக்கு ஒரே வசனத்தில் வருகிறது. அனுராதபுரத்தின் குளக்கரையும் அறுகம்பையின் கடற்கரையும் நெடுந்தீவும் அந்த ஒரு வசனத்துக்குள் அடக்கம். அக்கரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சென்னை வானிலை மையம் நாகப்பட்டினத்துக்கு வேறாகவும் திருவாரூருக்கு வேறாகவும் இராமநாதபுரத்துக்கு வேறாகவும் மாவட்ட வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை நிறம் கொடுக்கிறது. காரைக்காலில் டொப்ளர் ராடார் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காரைக்கால் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். புத்தளத்தை விடக் கிட்ட. குடாநாட்டின் மேல் நிற்கும் முகிலை எங்கள் நாட்டின் ராடாரை விட அயல்நாட்டின் ராடார்தான் நன்றாகப் பார்க்கும் என்ற நிலை, கோடிக்கணக்கில் செலவிட்டுப் புத்தளத்தில் ஒன்று எழும்பிய பின்னரும் மாறப்போவதில்லை.

உள்ளூருக்கென்று தனியாகச் சொல்ல முடியாது என்ற வாதம் இங்கே வரும். முடியும் என்பதற்குச் சான்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. நுவரெலியா மலைப் பள்ளத்தாக்கில் கிடக்கும் ஒரு சிறு நகரம். தை, மாசியில் அங்கே அதிகாலையில் உறைபனி விழக்கூடும் என்றால் அன்றாட வானிலை அறிக்கையில் அதற்கென்று தனி வசனம் சேர்கிறது. மரக்கறித் தோட்டக்காரருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் அது அவசியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் குளிரைத் தனியாக எடுத்துச் சொல்ல முடிந்தவர்களுக்கு 2022 டிசம்பரில் வடக்கின் குளிரைச் சொல்ல முடியாமல் போனது ஏன் என்றுதான் கேட்கிறோம். மண்டூஸ் புயல் கிழக்குக் கடலோடு விலகிப் போன அந்த நாள்களில் மழையும் கடும் வாடையும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. காலபோகம் தொடங்கினால் வயலில் பயிர் நிற்கும். மாடுகளை வெளியே சாய்த்துக்கொண்டுபோய்த் திறந்த பட்டியில் அடைப்பது எங்கள் வழக்கம். நனைந்த தோலில் விடாமல் குளிர்காற்று அடித்தால் மாடு உடல் சூட்டை இழக்கும். மேய்ச்சலும் இல்லாமல் மெலிந்திருக்கும் மாடு ஓர் இரவு தாங்காது. புயல் கரையேறாது, மழைதான் வரும் என்ற செய்தி மக்களுக்குக் கிடைத்தது. குளிர் வரும், பட்டியை மறைப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று கால்நடை வளர்ப்போர் காதில் விழும்படி எவரும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தபோது பட்டி பட்டியாகக் கிடந்தன. பிறகு மாதிரிகள் எடுத்துச் சோதித்துக் குளிரால் இறந்தன என்று அறிக்கை வந்தது. இறந்த மாட்டுக்கு அந்த அறிக்கையால் என்ன பயன்?

இன்னொரு மறுப்பும் உண்டு, அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஒரு குடாநாட்டுக்குப் பருவ முழுமைக்கும் முன்கூட்டியே மழையளவு சொல்ல உலகில் எவராலும் முடியாது. எல் நினோ ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடும், லா நினா ஆண்டில் குறையும் என்பது பொதுப்போக்கு. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடேறினால் அதுவும் மழையைக் கூட்டும். ஆனால் ஒரேயொரு தாழமுக்கம் நூறு கிலோமீற்றர் வடக்கே விலகினால் பருவக் கணிப்பு முழுவதும் இங்கே பிழையாகிவிடும். 2020 இல் புரெவி கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே. அது மன்னார்க் கடலுக்குள் போய் அசையாமல் நின்றபோது வெள்ளத்தில் கிடந்தது யாழ்ப்பாணம். 2024 நவம்பரில் கிழக்குக் கரையோரமாக ஊர்ந்து போன தாழமுக்கம் உயர்தரப் பரீட்சையையே நிறுத்த வைத்தது. இதெல்லாம் மூன்று மாதங்களுக்கு முன்னர் சொல்லக்கூடியவை அல்ல. பருவத்தை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதாலேயே, அடுத்த ஆறு மணித்தியாலத்தையும் அடுத்த இரண்டு நாளையும் துல்லியமாகச் சொல்லும் கருவி இன்னும் அவசியமாகிறது. காரைக்கால் ராடாரின் படம் இணையத்தில் கிடைக்கிறதே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அயலவரின் படத்தைப் பார்க்கலாம். எங்கள் தேவைக்கு அதைத் திருப்பவும் நிறுத்தவும் சாய்க்கவும் எங்களால் முடியாது. அந்தப் படத்தைப் படித்துத் தொண்டைமானாற்றுக் கதவைத் திறக்கச் சொல்லும் பொறுப்பும் அவர்களுடையதல்ல.

அரசு விட்ட இடைவெளியைத் தனிமனிதர்கள் நிரப்பிவருகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா மாரி தோறும் முகநூலில் எழுதும் குறிப்புகளைக் கமக்காரர் முதல் கடற்றொழிலாளர் வரை காத்திருந்து வாசிக்கிறார்கள். அவர் செய்வது பெரும் தொண்டு. ஆனால் பல இலட்சம் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு ஒரு கல்வியாளரின் ஓய்வு நேரத்தில் தங்கியிருக்கிறது என்பது அரசுக்கு வெட்கம். உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வருவதும் சில வேளை வராமலே போவதும் டித்வா நாள்களில் எத்தனையோ பேர் எடுத்துக்காட்டிய குறை. அது தீரும்வரை மக்கள் தங்களுக்கு விளங்கும் குரலைத்தான் தேடிப் போவார்கள்.

புத்தளம் மட்டும் போதும் என்ற முடிவை எடுத்தவர்களின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. புத்தளத்துக்கு முன்னரே ஒரு ராடார் வாங்கப்பட்டது. தெனியாயப் பக்கத்துக் கொங்கல மலையில் வைப்பதற்கென்று உலக வானிலை அமைப்பின் ஊடாகப் பெருந்தொகை கொடுத்துப் பெறப்பட்ட கருவி, மலையேற்றும் வழியிலேயே சேதமடைந்து, ஒரு நாளும் வானத்தைப் பார்க்காமல் வீணானது. அதற்காகப் பதவி இழந்தவர் எவர் என்று இன்றுவரை மக்களுக்குச் சொல்லப்படவில்லை. 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வடமராட்சி கிழக்கில் சுனாமி அலை ஏறியது. உடுத்துறையிலும் மணற்காட்டிலும் மக்களைக் கரையிலிருந்து விலக்க அந்த நேரம் போதும், சொல்ல ஆளில்லை. அதன் பிறகு சட்டம் வந்தது, நிலையம் வந்தது, கரையோரம் எங்கும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழும்பின. அவற்றில் பல செயலிழந்து துருப்பிடித்து நிற்கின்றன. 2011 நவம்பரில் தெற்குக் கடலில் திடீர்க் காற்று மீனவர்களைக் கொன்றது, எச்சரிக்கை இல்லை. 2013 யூனில் அதே கடலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அப்போதும் இல்லை. விசாரணை நடந்தது, வாக்குறுதிகள் தரப்பட்டன. டித்வாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இந்த நாடு புதைத்தது. அவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டு மக்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு பாராமல் இந்த அலட்சியம் எல்லோரையும் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கருவி இல்லை என்றார்கள். கருவி வாங்கப் பணம் வந்தபோது அதை எங்கே வைப்பது என்று கேட்காமலே முடிவெடுத்தார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை சுருக்கமானது. புத்தளத்தோடு கணக்கு முடிந்தது என்ற நிலைப்பாடு கைவிடப்பட வேண்டும். கிழக்குக் கடலையும் வடக்கின் வானத்தையும் தாழ நின்று பார்க்கும் ஏற்பாடு ஒன்று வந்தாக வேண்டும். அது எவ்விடத்தில், எவருடைய உதவியோடு என்பதை அறிந்தவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். திருநெல்வேலியில் இருக்கும் வானிலை அவதான நிலையத்துக்குக் கணிப்புச் சொல்லும் ஆளும் அதிகாரமும் கொடுக்கப்படட்டும். வடக்கிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர்கள் பல கட்சிகளிலும் இருக்கிறார்கள்; வீதிக்கும் கட்டடத்துக்கும் குரல் கொடுப்பவர்கள் இதுவரை இதற்குப் போதிய குரல் கொடுக்கவில்லை. வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர்கள் எழுந்து நின்று, பொத்துவில் ஏன் பின்னுக்குத் தள்ளப்பட்டது, வடக்கு ஏன் ஒருபோதும் பட்டியலில் இல்லை என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி மக்கள் முன் வைக்கவும் வேண்டும்.