ஏரிக்குக் கலிங்கு, பாக்டீரியாவுக்கு?

ஏரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே வெளியேறுகிறது. கலிங்கு இல்லாவிட்டால் கரை என்னவாகும் என்பதை நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கும் இறைவன் இத்தகைய கலிங்கை அமைத்திருக்கிறார்!

உப்பான இடத்தில் வாழும் பாக்டீரியா தன்னுள்ளும் கரைபொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. திடீரென மழைநீர் சூழ்ந்தால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாய்கிறது. உயிரணு பருத்து, அதன் சவ்வு இழுபடுகிறது. அவ்வேளையில் சவ்விலுள்ள புரதக் கதவுகள் திறந்து, கரைபொருள்களை நொடிப்பொழுதில் வெளியே விடுகின்றன. 1987-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்ட்டினாக், குங் முதலியோர் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் சவ்வை உறிஞ்சி இழுத்து, கதவு திறக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அளந்தனர். முக்கியமான இருவகைக் கதவுகளையும் இழந்த பாக்டீரியாக்கள், உப்புநீரிலிருந்து நன்னீருக்கு மாற்றியதும் வெடித்து மடிந்ததை 1999-இல் விஞ்ஞானிகள் கண்டனர்.

கதவைத் திறப்பது எது? திறந்த கதவு, மூடிய கதவைவிட அதிகப் பரப்பை அடைக்கும். அந்த அதிகப் பரப்பைச் சவ்வின் இழுவிசையால் பெருக்கினால் கிடைப்பது, இழுவிசை செய்யும் வேலை. கதவை மூடி வைத்திருக்கும் ஆற்றலை அது மிஞ்சும்போது கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். மேல்நிலை வகுப்பில் பரப்பு இழுவிசை படிக்கும் மாணவிக்கு இக்கணக்கு புதிதன்று.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். "பெண்பிள்ளைக்குப் பௌதிகமும் கணக்கும் எதற்கு? மனப்பாடம் செய்து தேறக்கூடிய பாடம் போதாதா?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அப்படிப் படித்தவள் பாக்டீரியாவின் படத்தை வரைவாள். அது ஏன் வெடிக்கவில்லை என்று கேட்கமாட்டாள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். இராமச்சந்திரன், 1963-இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டே புரத அமைப்புகளை உலகம் இன்றும் சரிபார்க்கிறது. பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை.

பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்குப் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில், "எது எளிது?" என்று கேட்காதீர்கள். "நீ எதை அறிய ஆசைப்படுகிறாய்?" என்று கேளுங்கள். மாணவியரே, கணக்கைக் கண்டு அஞ்சாதீர்கள். படைத்தவரின் கைவேலையை அருகில் நின்று காண அதுவும் ஒரு வழி!