காப்புத் தாங்கியும் கம்மியர் கடனும்

யூபிலி மலரிலே தமிழாசிரியர் ஒருவர் எழுதும் கட்டுரை காப்பியச் சுவையையோ இலக்கண நுட்பத்தையோ பற்றியதாக இருக்குமென எதிர்பார்த்தல் இயல்பே. யாம் எழுதப் புகுந்ததோ பந்தய மோட்டார் வண்டியிற் பெற்றோல் தாங்கியைப் பிணித்து வைக்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி. இஃது ஆசிரியர்க்குரிய பொருளன்று எனச் சிலர் நகைத்தலுங் கூடும். இறுதிவரை படித்தபின் அவர் நகைப்பாராக.

கடையெழு வள்ளல்களின் பெயரைச் சொல்லத் தடுமாறும் மாணவன், பந்தய வண்டிகளின் பெயரைக் கேட்டால் மடைதிறந்தாற்போல ஒப்புவிக்கின்றான். அதற்காக அவனைக் கடிந்து பயனில்லை. ஆர்வம் எங்கே உளதோ அங்கே கல்வியைக் கொண்டு செல்லுதலே ஆசிரியர் தொழில். அவன் இயந்திரத்தின் வலிமையை அறிவான்; வேகத்தின் அளவை அறிவான்; அவ்வண்டியைச் செலுத்துவோன் உயிரை எது காக்கின்றது என்பதை மட்டும் அறியான். குறை அங்கேதான் இருக்கின்றது.

பந்தய வண்டிகளுக்கென அமைந்த தாங்கி வெறுந் தகரப் பெட்டியன்று. வலிய நாரிழைத் துணியில் இரப்பர் போன்ற பொருளைப் பூசிச் செய்த பையொன்று உள்ளே இருக்கும். அதனைச் சூழ்ந்து உலோகப் பெட்டி அமையும். பையினுள்ளே கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருள் நிறைந்திருக்கும். அது திருப்பங்களில் எரிபொருள் அலைமோதாது தடுப்பதோடு, தீப்பற்றினால் வெடிப்பின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் அடைப்பான் ஒன்று காற்றுக் குழாயில் இருக்கும். மோதலிற் பெட்டி நசுங்கினாலும் பை நெளிந்து கொடுத்துக் கிழியாது நிற்பதே இதன் சிறப்பு.

இவ்வறிவு எளிதிற் கிடைத்ததன்று. இரண்டாம் உலகப் போரிற் குண்டு துளைத்தாலும் ஒழுகாத இரப்பர்த் தாங்கிகளை விமானங்களுக்குச் செய்தனர். தரையிலோடும் வண்டிகளிற் காப்புப் பை பரவுதற்கு உயிர்ப்பலி வேண்டியிருந்தது. 1964 மே 30இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே மூண்ட பெருந்தீயில் எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்ட் என்னும் இருவர் மாண்டனர். அதன் பின்னரே இதன் இன்றியமையாமை பலர்க்கும் விளங்கிற்று. போர்முலா வன் பந்தயத்தில் 1970இல் இது கட்டாயமாயிற்று.

பை சிறந்ததாயின் போதுமா? போதாது என்பதே எம் கருத்து. 2020 நவம்பர் 29இல் பஃரேனில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. ரொமெய்ன் குரோஜான் செலுத்திய வண்டி மணிக்கு 192 கிலோமீற்றர் வேகத்திற் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பாயிற்று. அரை நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான நேரம் அவர் நெருப்பினுள் இருந்து, கைகளிற் காயத்தோடு உயிர்தப்பினார். பன்னாட்டு மோட்டார்ச் சம்மேளனம் ஆராய்ந்து 2021இற் கூறியது யாது? தாங்கியைச் சோதிக்கும் மூடி பெயர்ந்தது. இயந்திரத்துக்கு எரிபொருள் செல்லும் இணைப்புப் பையிலிருந்து பிய்ந்தது. அவ்விரு வழியாலும் எரிபொருள் வெளியேறிற்று. உலகின் தலைசிறந்த பொறியியலார் செய்த வண்டியிலும் குறை வெளிப்பட்ட இடம் இணைப்பே.

ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். 60 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 45 கிலோகிராம் நிறையுடையது. பஃரேன் மோதலில் ஏற்பட்ட விசை புவியீர்ப்பின் 67 மடங்கு. அத்தகைய மோதலிலே அந்த 45 கிலோகிராம், மூன்று தொன் பாரம்போல் முன்னோக்கிப் பாயும். நான்கு போல்ட்டுகளும் இரண்டு இரும்புப் பட்டிகளும் அம்மூன்று தொன்னைத் தாங்க வேண்டும். மெல்லிய தரைத்தகட்டில் துளையிட்டுச் சிறு வாசரை வைத்து முடுக்கிய போல்ட்டு, காகிதத்திற் குத்திய ஊசிபோல் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்.

ஆதலால் நல்ல கம்மியன் செய்வன சில உள. பொக்ஸ் பார் எனப் பட்டறையார் வழங்கும் சதுரக் குழாயாற் தொட்டில் போன்ற சட்டமொன்றைக் கட்டி, அதனை வண்டியின் அடிச்சட்டத்தோடு நேரே இணைப்பான். தகட்டிற் பிணிக்க நேர்ந்தால் மேலும் கீழும் அகன்ற தடித்த தகடுகளை வைத்து விசையைப் பரப்புவான். தாங்கி தொட்டிலில் அமர்ந்திருக்க வேண்டுமேயன்றித் தன் மூடியின் விளிம்பிலே தொங்கலாகாது. இறுக்கும் பட்டியின் ஓரத்தை மழுக்கி, இடையே இரப்பர் இடுவான். வண்டியின் வால்முனையை விட்டுப் பின்சக்கரங்களுக்கு நடுவே இடந் தேர்வான். செலுத்துவோனுக்கும் தாங்கிக்கும் இடையே இடைவெளியற்ற உலோகச் சுவர் எழுப்புவான். தாங்கி சிறிது அசைந்தாலும் அறாதபடி குழாய்க்குச் சற்றுத் தளர்வு கொடுப்பான். மின்பொறி எழாதிருக்கப் பெட்டியை அடிச்சட்டத்தோடு கம்பியால் இணைப்பான். வெல்டிங் வேலை முழுவதையும் பை உள்ளே புகுமுன்னரே முடித்திடுவான். நிறைந்த தாங்கியினும் ஆவி நிறைந்த வெறுந் தாங்கியே கொடியது என்பதை அவன் அறிவான்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறுதும். இவையெல்லாம் பந்தயத் திடலுக்குரிய வண்டிக்கே. வீதியில் ஓடும் வண்டியின் தாங்கியைக் கழற்றி வேறொன்று பூட்டுதல் அறிவுடைமையன்று. பந்தயத் திடலிலும் விதியை மீறிய வேகத்துக்கும் விதிக்குட்பட்ட வேகத்துக்கும் வேற்றுமை உண்டு. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையிற் பந்தய வண்டியொன்று தடம் விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்து எழுவர் உயிர் நீத்ததை நாம் மறக்கலாகாது. காப்பு என்பது வண்டியுள் இருப்பவனுக்கு மட்டும் உரியதன்று.

“பந்தயம் செல்வர் விளையாட்டு; அக்கரைப்பற்றில் நெல்லும் மீனும் அன்றோ தொழில்?” என வினவுவார் உளர். உழவு இயந்திரத்தின் பெட்டியைப் பிணிக்கும் கொளுவியும் இணைப்பே. தோணியில் இயந்திரத்தைப் பூட்டும் சட்டமும் இணைப்பே. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது பிளாத்திக்குக் கலன்களிற் பெற்றோலைச் சேர்த்துச் சமையலறைக்கு அருகே வைத்த வீடுகள் எத்தனை! பெற்றோலின் இயல்பை அறியாமை பந்தயக்காரனுக்கு மட்டும் கேடன்று. பந்தய வண்டி கண்ணாடி போன்றது. நம் பட்டறைகளில் நாள்தோறும் நிகழும் பிழையை அது பெரிதாக்கிக் காட்டுகின்றது.

தமிழர்க்கு இத்துறை புதிதுமன்று. கோயம்புத்தூரிற் கரிவரதன் என்பார் 1980களின் இறுதியில் மாருதி 800 சிற்றுந்தின் இயந்திரத்தைக் கொண்டு ஓரிருக்கைப் பந்தய வண்டிகளை உள்ளூரிலேயே அமைத்தார். அவர் 1995இல் மறைந்தாரெனினும், அந்நகர்ப் பந்தயத் திடல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அதே நகரத்தவரான நரேன் கார்த்திகேயன் 2005இற் போர்முலா வன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். பட்டறை முன்னே சென்றது. புகழ் பின்னே வந்தது.

நமக்கு இன்னும் அண்மையில் ஒரு முன்மாதிரி உண்டு. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் தமிழ்ப் புலமையும் விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே பெற்றவர்; யாழ்நூலை எழுதியவர்; கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அவர் வழி நின்று நோக்கின், நாம் பேசும் தாங்கிக்கே நல்ல பெயர் இல்லை என்பது புலனாகும். ஆங்கிலத்தார் இதற்கு வழங்கும் பெயரையே, ஐதரசனிலிருந்து மின்னைப் பிறப்பிக்கும் கருவிக்கும் இட்டுள்ளனர். அதனை அப்படியே பெயர்த்தால் மாணவன் மயங்குவான். ஆகவே இதனைக் ‘காப்புத் தாங்கி’ என வழங்கலாம் என்பது எம் துணிபு. சொற்புணர்ச்சியிற் பிழை நேரிற் பொருள் மயங்கும். இரும்பின் புணர்ச்சியிற் பிழை நேரின் உயிர் போம். இரண்டையும் ஒரே கூடத்திற் கற்பித்தல் ஆகாதா?

இதனையே பழைய மாணவ அன்பர்கள்முன் விண்ணப்பிக்கின்றோம். யூபிலி ஆண்டென்றால் வளைவும் சிலையும் கல்வெட்டும் எழுதல் வழக்கம். அவற்றை வெறுக்கின்றோமல்லோம். ஆயினும் இம்முறை ஒரு பட்டறை தருக. ஒரு வெல்டிங் கருவி, பிடிகருவிகள், துளைக்கும் பொறி, முகமூடிகள், தீயணைப்பான் இவை போதும் தொடங்குதற்கு. கற்பிக்க நம் ஊர்க் கம்மியரை, தமிழர் முஸ்லிம்கள் என்னும் வேற்றுமையின்றி, மாலை வேளைகளில் அழைப்போம். 2013 முதல் உயர்தரத்திற் தொழினுட்பவியற் றுறை உண்டு; கூப்பிடு தூரம்போல் ஒலுவிலிற் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் உண்டு. வழி திறந்திருக்கின்றது, மாணவன் கைக்குப் பழக்கந்தான் இல்லை.

பட்டறையின் முதற் பாடமாக ஒரு தொட்டிற் சட்டம் செய்விப்போம். அதனுள் நீர் நிறைத்த கலத்தை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, உலுக்கி, மேலே பாரமேற்றிச் சோதிப்போம். எம்மாணவன் இட்ட ஒட்டு விட்டுப்போகின்றதோ அவன் மீண்டும் இடுவான். “இது போதும்” என்னுஞ் சொல்லை அன்றோடு அவன் மறப்பான். மாணாக்கர்காள், நீவிர் எத்துறை புகினும் புகுக. உம் கை பிணித்த ஒன்றை நம்பி முன்பின் அறியாதான் ஒருவன் தன் உயிரை வைப்பான் என்பதை மட்டும் மறவற்க.