வீட்டுக் கொல்லையில் ஷூட்டிங் ரேஞ்ச்: சொந்த நிலம்னா சுட்டுக்கலாமா?

யூடியூபில் இந்த மாதிரி வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் நின்று சுடுகிறார். எதிரே சங்கிலியில் தொங்கும் ஸ்டீல் பிளேட் 'டிங்' என்று அதிர்கிறது. பேப்பர் டார்கெட் மாதிரி கிட்டே போய் ஓட்டையை எண்ண வேண்டாம். பட்டதா இல்லையா என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

துப்பாக்கி சுடுதல் மீது இங்கேயும் ஆர்வம் கூடியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2 ஒலிம்பிக் ஆடியவர். நடிகர் அஜித் 2021, 2022 மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார். ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் நிலமும் முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் வைத்திருப்பவருக்கு, 'நம்ம இடத்திலேயே ஒரு ரேஞ்ச் போட்டா என்ன?' என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

போடலாமா? பதில், கையில் இருப்பது எந்தத் துப்பாக்கி, குண்டு எங்கே போய் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

எந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும்?

நிஜத் துப்பாக்கி என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். மாவட்டத்தில் அதைத் தருபவர் ஆட்சியர். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

லைசென்ஸ் இருந்தாலும், நினைத்த இடத்தில் சுடலாம் என்று அர்த்தமில்லை. அலட்சியமாகச் சுட்டு மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீடுகளில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைத் தடுக்க 2019-இல் வந்த பிரிவு இது. துப்பாக்கி கிளப், ரேஞ்ச் நடத்த 2016 ஆயுத விதிகளில் தனி உரிமம் உண்டு. துப்பாக்கி லைசென்ஸையே ரேஞ்ச் உரிமமாக நினைத்துக்கொள்ள முடியாது.

ஏர் கன் கதை வேறு. அதே விதிகளின்படி, விசை 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழல் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதற்குள் இருந்தால் வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுவது இந்த 0.177 ரகம்தான்.

கழுவெளி பக்கத்தில் இருந்தால்?

இந்தக் கரைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே உள்ள கழுவெளி ஏரியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மரக்காணம், வானூர் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த இடம் அது. குயிலாப்பாளையம் இருப்பதும் வானூர் வட்டத்தில்தான்.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர், தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சுற்றளவில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் புது லைசென்ஸும் தர முடியாது. எனவே வீடு அந்த 10 கி.மீ.க்குள் வருகிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் போகவும் முடியாது. அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம்.

ஸ்டீல் பிளேட்டில் என்ன ஆபத்து?

பேப்பரைக் குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும். ஸ்டீலைத் துளைக்காது. ஈயக் குண்டு தட்டில் மோதிச் சிதறி, துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். தட்டு வழவழப்பாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து இருந்தால் பெரும்பாலானவை தரையில் விழும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இருப்பது இதற்கென்றே கடினமாக்கிய தனி ரக எஃகு. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் வெட்டித் தரும் சாதா தகட்டில் நிஜத் தோட்டா பட்டால் குழி விழும். அடுத்த தோட்டா அந்தக் குழியில் பட்டால், துணுக்கு சுட்டவரை நோக்கியே திரும்பலாம். கடலோர உப்புக்காற்றில் துரு ஏறிய தகடு இன்னும் மோசம். ஏர் கன்னில் ஈயப் பெல்லட் நசுங்கிவிடும். இரும்புக் குண்டு போட்டால் அப்படியே திரும்பி வரும். கண்ணாடி போடாமல் ஸ்டீலைச் சுடக் கூடாது என்பது இதனால்தான்.

மிச்சம் கிடக்கும் ஈயம் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் மண்ணில் அதைச் சேரவிடக் கூடாது.

தட்டைத் தாண்டிப் போகும் குண்டு?

எல்லாக் குண்டும் தட்டில் படாது. ரேஞ்சின் உயிர் தட்டில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் தடுப்பில்தான் இருக்கிறது. சாதாரண 0.22 தோட்டாவே 2 கி.மீ. வரை போகும் சக்தி உள்ளது. ஏர் கன் பெல்லட்டும் சில நூறு மீட்டர் போகும்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று நடந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்தை விட்டு வெளியே வந்த ஒரு குண்டு, தள்ளி ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவன் 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

அது கொல்லைப்புற ரேஞ்ச் இல்லை. சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பின்னால் குன்றும் இருந்தது. அங்கேயே குண்டு வெளியே வந்தது என்றால், பெரும்பாலும் சமதரையாகக் கிடக்கும் இந்தக் கடலோரத்தில் யோசித்துப் பார்க்க வேண்டும். சவுக்குத் தோப்பு கண்ணை மறைக்கும், குண்டைத் தடுக்காது. அதற்குப் பின்னால் முந்திரி பொறுக்கும் பெண்கள் இருக்கலாம், சைக்கிளில் போகும் பிள்ளை இருக்கலாம். அப்படி ஓர் உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு பாயும். 5 ஆண்டு வரை சிறை.

அப்போ என்னதான் செய்யலாம்?

ஆசை உள்ளவருக்கு இரண்டு வழி இருக்கிறது. நிஜத் துப்பாக்கி சுட வேண்டும் என்றால், உரிமம் பெற்ற கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் முன்னால் சுடுவதுதான் வழி.

வீட்டிலேயே பழக வேண்டும் என்றால், வரம்புக்கு உட்பட்ட ஏர் ரைஃபிள், ஈயப் பெல்லட், பேப்பர் டார்கெட் போதும். தேவை 10 மீட்டர் நீளமும், பின்னால் ஜன்னலோ கதவோ இல்லாத கெட்டிச் சுவரும், பெல்லட்டைப் பிடித்துவைக்கும் ஒரு பெட்டியும்தான். சுடும் கோட்டுக்கு முன்னால் யாரும் வர முடியாதபடி வழியை அடைத்திருக்க வேண்டும். மனு பாக்கர், இளவேனில் ஆடுவதும் இந்த 10 மீட்டர் தூரத்தில்தான். அதற்கு 'டிங்' சத்தம் தேவைப்படவில்லை.

நிலத்துக்குப் பட்டா இருக்கலாம். ஆனால் வேலியைத் தாண்டிப் போகும் குண்டுக்குப் பட்டா கிடையாது.