மினியேச்சர் பொம்மைக்கு எந்த பிரைமர்? ஸ்பிரே கேன் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வருபவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்: பிரைமர் அடிக்காத சுவரில் எவ்வளவு காஸ்ட்லியான பெயின்ட் அடித்தாலும் நிற்காது. கொலு பொம்மை செய்பவர்கள் வண்ணம் தீட்டும் முன் முழு பொம்மைக்கும் வெள்ளை பூசுவதும் இதே கணக்குதான். வார்ஹாமர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி டேபிள்டாப் விளையாட்டுகளுக்கு வரும் சின்னஞ்சிறு போர்வீரர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவுகோலில் வருபவை. முகம் ஒரு பட்டாணி அளவுகூட இருக்காது. ஆபீஸ் முடிந்து வந்து, இரவு டேபிள் விளக்கின் கீழ் உட்கார்பவருக்கு அந்த முகத்துக்கு மட்டும் இரண்டு ராத்திரி போகும். பிரைமர் சரியில்லை என்றால், பொம்மை ஒருமுறை கைதவறி விழுந்ததும் அந்த உழைப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். அதைவிட மோசம், பிரைமர் கெட்டியாக உட்கார்ந்து கண், மூக்கு, கவச வேலைப்பாடு எல்லாவற்றையும் மூடிவிடுவது. அப்புறம் என்ன வண்ணம் அடித்தாலும் மொழுமொழுவென்று சோப்புக்கட்டி மாதிரிதான் தெரியும்.

எந்த பிரைமர் வாங்கலாம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஸ்பிரே கேன். பெரும்பாலும் அடுத்த கேள்வி, எந்த பிராண்ட், கறுப்பா வெள்ளையா என்பதுதான். உண்மையில் இந்த இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. பொம்மை எந்தப் பொருளில் செய்யப்பட்டது, அதை எந்த அறையில், எந்த வானிலையில் வைத்து அடிக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப் பார்த்தால், நம்மூர் அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு முதல் சாய்ஸ் ஸ்பிரே கேன் இல்லை. தண்ணீர் அடிப்படையிலான, பிரஷ்ஷால் பூசும் பிரைமர்தான்.

நம்மூர் காற்றில் ஸ்பிரே

ஸ்பிரே பழக்கம் வந்தது, கார் ஷெட்டும் வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் இருக்கிற ஊர்களிலிருந்து. வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் இருக்கும் இங்கிலாந்திலேயே, ஈரமான நாளில் ஸ்பிரேயைத் தொடாதே என்பது பாலபாடம். சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி காலையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல்தான். வடகிழக்குப் பருவமழை நேரத்தைக் கேட்கவே வேண்டாம்.

இதில் இரண்டு விதமாகக் கெடும். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, காற்றில் உள்ள ஈரம் அங்கே படிந்து, மேலே வெள்ளை மூட்டம் கட்டும். இன்னொன்று மே மாத வெயிலில் நடப்பது. துளிகள் பொம்மையைத் தொடும் முன்பே நடுவழியில் பாதி காய்ந்து, பொடியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சரியான தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். அதற்கு மேல் தள்ளிப் பிடித்தால் இந்தப் பிரச்சினை நிச்சயம்.

ஸ்பிரே கேன் விமான சரக்கு விதிகளில் ஆபத்தான பொருள் பட்டியலில் வருகிறது. அதனால் வெளிநாட்டு ஹாபி பிராண்டுகளின் கேன் இங்கே கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் விலையும் அதிகம். பிரைமர் பாட்டிலுக்கு இந்தத் தலைவலி குறைவு.

எல்லாவற்றுக்கும் மேல் மூச்சு. ஒரு படுக்கையறை ஃபிளாட்டின் பால்கனியில் நின்று அடித்தால் பாதி வாசனை வீட்டுக்குள்தான் வரும். என்95 மாஸ்க் போட்டிருக்கிறோமே என்பது பொய்யான தைரியம். அது துளிகளைத் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. அதற்கு கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த விவாதமே தேவையில்லை.

பொம்மை எதில் செய்தது?

வார்ஹாமர் பொம்மைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஃபிரேமிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டுகிற வகை. இதற்கு பிரைமர் அமைவது சுலபம், கெடுவதும் சுலபம். காரமான கரைப்பான் பட்டால் பாலிஸ்டைரீன் இளகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார், பைக் பிரைமர் ஸ்பிரே விலை குறைவுதான். ஆனால் அதில் பல வகைகள் தகரத்தில் விழுந்த கீறலை நிரப்புவதற்காகவே கெட்டியாகச் செய்யப்பட்டவை. கீறலை நிரப்புவது கண்ணையும் நிரப்பும். கேனில் ‘பிளாஸ்டிக்குக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தாலும் நம்பிவிட முடியாது. அங்கே சொல்லும் பிளாஸ்டிக் பெரும்பாலும் கார் பம்பர் செய்யும் பாலிபுரொப்பலீன். அது வேறு, இது வேறு. அடித்தே ஆக வேண்டுமென்றால், பொம்மையை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் ஃபிரேம் துண்டில் முதலில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

போர்டு கேம் பெட்டிகளில் வரும், வளைத்தால் வளையும் பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. ஏமாற்றுவதில் இதுதான் நம்பர் ஒன். சில ஸ்பிரே பிரைமர்கள் இதன் மேல் காயவே காயாது. வாரக்கணக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருளும் ஸ்பிரேயின் கரைப்பானும் சேர்ந்து செய்கிற வேலை இது. அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனத்தின் ‘போன்ஸ்’ பொம்மைகளை வாங்கிய பலருக்கு இந்த அனுபவம் உண்டு. பிவிசிக்கு தண்ணீர் அடிப்படையிலான பிரைமர்தான் பாதுகாப்பு.

3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் பொம்மைக்கு பிரைமரைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புறஊதா ஒளியில் முழுசாகக் கெட்டிப்படுத்தாத ரெசின் மேல் எதுவும் நிற்காது. அச்சில் வார்த்த ரெசின் என்றால், அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய டூத்பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, வாள் வளைந்துவிடும்.

உலோகப் பொம்மையில் மட்டும் ஸ்பிரேயின் கை ஓங்கும். வழவழப்பான உலோகத்தில் கரைப்பான் அடிப்படையிலான பிரைமர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய பொம்மைகளில் ஈயக் கலப்பும் இருக்கலாம் என்பதால், அராவும்போது பறக்கும் தூள் ஆகாது, கை கழுவாமல் சாப்பிடுவதும் ஆகாது. மொட்டைமாடி, காய்ந்த காற்று, சரியான மாஸ்க், இந்த மூன்றும் அமைந்தால் உலோகத்துக்கு ஸ்பிரே அடிக்கலாம்.

பிரஷ்ஷால் பூசுவது எப்படி?

முதல் கோட் அசிங்கமாகத்தான் இருக்கும். இங்கே திட்டு, அங்கே திட்டு. இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய், பாதி காய்ந்ததன் மேலேயே திரும்பத் திரும்ப பிரஷ்ஷை ஓட்டுகிறார்கள். காரியம் கெடுவது அதில்தான். மெல்லிசாக ஒரு கோட், பள்ளங்களில் தேங்கியதை காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்படியே விட்டுவிட வேண்டும். காய்ந்ததும் தானே இறுகிப் படியும். பிறகு இரண்டாவது கோட். ஸ்பெயினின் வலேஹோ போன்ற நிறுவனங்களின் பாலியூரித்தேன் பிரைமரில் தண்ணீர் அதிகம் கலந்தால் பிடிப்பு போய்விடும். ஒரு முழு நாள் காயவிட வேண்டும். இந்த வகையில் உள்ள குறை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பலூன் தோல் மாதிரி உரிந்து வரும் என்பது. தேய்க்கிற வேலையெல்லாம் பிரைமருக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஐம்பது, அறுபது பொம்மை கொண்ட ஒரு படையையே கட்டுகிறவருக்கு பிரஷ் கட்டுப்படியாகாது என்பது நியாயமான வாதம். அவருக்கு ஏர்பிரஷ்ஷும் சின்ன கம்ப்ரெசரும் நீண்டகாலத்தில் லாபம். அதே தண்ணீர் அடிப்படையிலான பிரைமரை அதில் போட்டு அடிக்கலாம். மாதம் இரண்டு பொம்மை முடிப்பவர் அதற்குப் பணம் போடுவது வீண்.

நிறம்? சாம்பல் எடுத்தால் தப்பில்லை. செதுக்கு வேலைப்பாடு நன்றாகத் தெரியும். கறுப்பு, பிரஷ் எட்டாத இடுக்குகளை மன்னித்துவிடும். ஆனால் அதன் மேல் மஞ்சள் ஏற நாலைந்து கோட் வேண்டும். 2019-ல் வந்த கான்ட்ராஸ்ட் வகை பெயின்ட்கள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிபவை என்பதால், அவற்றுக்கு வெளிர் நிறம்தான் சரி.

ஏற்கெனவே பிரைமர் சொதப்பிய பொம்மை அலமாரியில் கிடந்தால், தூக்கிப் போட வேண்டியதில்லை. உலோகம் என்றால் தைரியமாக அசிட்டோனில் ஊறவைக்கலாம். பிளாஸ்டிக்கை அசிட்டோனில் போட்டால் பொம்மையே கரைந்துவிடும். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் வழி. பாலியூரித்தேன் கொஞ்சம் அடம்பிடிக்கும்.